நாட்டார் பாட்டு, ப்ளூகிராஸ், இண்டி: கொங்குப் பக்கத்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் என்று பல ஊர்களிலிருந்தும் பாட்டுப் பரிமாறிக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. அமெரிக்க மலைப்பாட்டும் நம்ம ஊர் உடுக்கையும் ஒரே இடத்தில் வருகிறதே என்று தோன்றலாம். இரண்டையும் தேடிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்.

புதுசா ஒரு பாட்டு கிடைச்சா, அனுப்பும்போது கூட என்ன எழுதோணும்?

வெறும் இணைப்பை மட்டும் அனுப்பினால் பத்தில் ஒன்பது பேர் திறக்க மாட்டார்கள். "செம பாட்டு, கேளுங்க" என்பதும் வெறும் இணைப்பு மாதிரிதான். பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டில் பதிவானது, என்ன கருவி, எதைக் கவனிக்க வேண்டும் என்று மூன்றே வரியில் எழுதுங்கள். உதாரணமாக இப்படி: "எர்ல் ஸ்க்ரக்ஸ், வட கரோலினாக்காரர். ஐந்து கம்பி பேன்ஜோ. ஃபாகி மவுன்டன் பிரேக்டவுன், 1949 பதிவு. பாட்டு கிடையாது, வாசிப்பு மட்டும். பேன்ஜோ ஒரு சுற்று முடித்து விலகி ஃபிடிலுக்கு (வயலினுக்கு) வழி விடும் இடத்தைக் கவனிங்க."

கடைசி வரிதான் முக்கியம். பழக்கமில்லாத இசையில் காது எங்கே நிற்பது என்று தெரியாமல்தான் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிற்க ஓர் இடம் காட்டிவிட்டால் மூன்று நிமிடம் தாராளமாகக் கேட்பார்கள். இன்னொன்று: ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டு. நாற்பது பாட்டுள்ள பட்டியலை அனுப்பினால் முதல் மூன்றைத் தாண்டி யாரும் போவதில்லை.

ப்ளூகிராஸ்னா என்னங்க? கன்ட்ரி பாட்டுதானே?

கன்ட்ரியோடு ஒட்டிப் பிறந்தது, ஆனால் தனி வார்ப்பு. கென்டக்கி மாநிலத்தில் ரோசைன் என்ற சிற்றூரில் பிறந்த பில் மன்றோ (1911–1996) தன் குழுவுக்கு 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே பாணிக்கும் நின்றுவிட்டது. 1945 டிசம்பரில் ஸ்க்ரக்ஸ் அந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் இன்று நாம் கேட்கும் ஒலி முழுமையானது. 1948இல் அவரும் கிடாரிஸ்ட் லெஸ்டர் ஃபிளாட்டும் விலகித் தனிக் குழு தொடங்கினார்கள்.

மாண்டலின், ஐந்து கம்பிப் பேன்ஜோ, ஃபிடில், கிடார், நின்று வாசிக்கும் பெரிய பேஸ். சில குழுக்களில் டோப்ரோ என்ற சறுக்குக் கிடாரும் உண்டு. மரபான குழுவில் டிரம்ஸ் இருக்காது. அந்த வேலையை பேஸும் மாண்டலினும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நான்கு அடியில் 1, 3 பேஸுக்கு. 2, 4 மாண்டலினுக்கு. மாண்டலின்காரர் நரம்பைத் தட்டிய உடனே இடது கை விரலைத் தளர்த்தி ஒலியை அறுப்பதால் 'சக்' என்று கேட்கும். அந்த 'சக்' காதில் விழ ஆரம்பித்தால் எவ்வளவு வேகமான பாட்டிலும் தாளம் தொலையாது.

பேன்ஜோ வாசிப்பு மழை கொட்டுற மாதிரி இருக்குது. கணக்கே புரியலையே?

கணக்கு நமக்குத் தெரிந்ததுதான்: தகிட தகிட தக. எட்டு அட்சரத்தை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிப்பது. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல். மறுபடி கட்டை, ஆள்காட்டி, நடு. கடைசியில் கட்டை, நடு. ஸ்க்ரக்ஸ் பாணியில் 'ஃபார்வர்ட் ரோல்' என்பது இதுதான். கீழே பேஸ் சமமாக நடக்க, மேலே அழுத்தம் 3-3-2 என்று விழுவதால்தான் உருண்டு ஓடுவதுபோல் கேட்கிறது. கையில் நான்கு தட்டிக்கொண்டே வாயில் தகிட தகிட தக சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பிடிபடும்.

ஐந்தாவது கம்பி மற்றவற்றைவிடக் குட்டை. கழுத்தில் ஐந்தாவது கட்டையில் ('ஃபிரெட்') தான் தொடங்கும். அது உச்ச சுருதியில் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். நமக்குத் தம்பூரா தருகிற நிலையை அங்கே இந்த ஒரு கம்பி தருகிறது. இந்தக் கருவியின் மூலம் மேற்கு ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களோடு அமெரிக்காவுக்குப் போனது. இதை விட்டுவிட்டு 'வெள்ளைக்கார மலைவாசிகளின் வாத்தியம்' என்று எழுதி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கறுப்பின அமெரிக்கக் கலைஞர் ரியானன் கிடன்ஸ் வாசிக்கும் கட்டையில்லாப் பேன்ஜோவை ஒரு தடவை கேட்டால் அப்படி எழுத மாட்டார்கள்.

சில பாட்டு மோகன ராகம் மாதிரியே இருக்குதே, என் காதுக் கோளாறா?

கோளாறு இல்லை. அங்கே உள்ள பழைய பாட்டுகளில் ஏராளமானவை ஐந்து சுர அளவில் அமைந்தவை: ச ரி2 க3 ப த2, அதாவது மோகனத்தின் சுரங்கள். 'அமேசிங் கிரேஸ்' மெட்டு அப்படித்தான். 'ஓல்ட் ஜோ கிளார்க்' போன்ற ஃபிடில் மெட்டுகளில் நி கீழிறங்கி வருவதால் அரிகாம்போதி அளவு கேட்கும். டாக் வாட்சன் பாடிய 'ஷேடி குரோவ்' கேட்டால் கரகரப்பிரியாப் பக்கம் போன மாதிரி இருக்கும்.

சுரம்தான் ஒன்று, ராகம் ஒன்றல்ல. அங்கே கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) இல்லை. இருப்பவை சறுக்கல், உடைப்பு, நேர்க்குரல். "இது மோகனம்" என்று அடித்து எழுதினால் சங்கீதம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். "மோகனத்தின் சுரங்கள்" என்று எழுதினால் அவர்களும் சேர்ந்து கேட்பார்கள்.

கும்மியும் உடுக்கைப் பாட்டும் கேட்டு வளர்ந்த அப்பாருக்கும் அம்மாயிக்கும் எதைப் போட்டுக் காட்டலாமுங்க?

வேகமான ப்ளூகிராஸில் தொடங்காதீர்கள். அவர்கள் காது தேடுவது கதையும் நடையும்.

கும்மிப் பாட்டு பெரும்பாலும் திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாகப் போவது. ப்ளூகிராஸோ பெரும்பாலும் இரண்டு, நான்கு அடியில் ஓடும். ஆகவே கும்மி அடித்தவர்களுக்கு ஐரிஷ் 'ஜிக்' மெட்டுகளைப் போடுங்கள். ஆறு அட்சரத்தை மூன்று மூன்றாகப் பிரிக்கிற நடை. கை தானாகத் தட்டும்.

அண்ணமார் (பொன்னர்–சங்கர்) கதையை விடிய விடியக் கேட்டவர்களுக்குக் கதைப்பாட்டு ஏற்றது. ஆனால் கதையை முதலில் தமிழில் சொல்லிவிட வேண்டும்: யார் யாரைக் கொன்றார், ஏன், கடைசியில் என்ன ஆனது என்று இரண்டு நிமிடம். அப்பலாச்சிய மலைகளில் பாடப்படும் பழைய கதைப்பாட்டுகளில் கொலையும் துரோகமும் அப்படி நிறைந்து கிடக்கின்றன.

ஒப்பாரி தெரிந்த பாட்டிமார்களுக்கு ரால்ஃப் ஸ்டான்லி பாடிய 'ஓ டெத்'. எந்தக் கருவியும் இல்லாமல், சாவிடம் இன்னும் ஒரு வருஷம் விட்டுவை என்று கெஞ்சும் பாட்டு. வர்ஜீனியாக்காரரான அவர் எழுபது தாண்டிய வயதில் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' என்ற 2000ஆம் ஆண்டுப் படத்துக்காகப் பாடினார். 2002இல் கிராமி கிடைத்தது. மொழி புரியாமலே இது போய்ச் சேரும். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால் மட்டும் போடாதீர்கள்.

நான் புதுசு. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

1927இல் டென்னசி–வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் என்ற ஊரில் ரால்ஃப் பியர் நடத்திய பதிவுகளில் கார்ட்டர் குடும்பம் முதன்முதலாகப் பாடியது. அங்கிருந்து தொடங்குங்கள். மேபெல் கார்ட்டரின் கிடாரில் மெட்டு தடித்த பேஸ் கம்பிகளில் கட்டை விரலில் வரும், தாளம் மெல்லிய கம்பிகளில். அடுத்து 1946, 47இல் மன்றோ, ஃபிளாட், ஸ்க்ரக்ஸ் சேர்ந்து செய்த பதிவுகள். பிறகு எலிசபெத் காட்டன்: இடக்கைக்காரர், வலக்கைக் கிடாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து, கட்டை விரலில் மெட்டும் மற்ற விரல்களில் பேஸும் வாசித்தவர். இக்காலத்துக்கு வந்தால் கில்லியன் வெல்ச்சின் 2001 ஆல்பமான 'டைம் (தி ரெவலேட்டர்)'.

நம் இசையிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. 1995இல் விஸ்வ மோகன் பட் மோகன வீணையோடு, ஜெரி டக்ளஸ் டோப்ரோவோடு, எட்கர் மேயர் பேஸோடு சேர்ந்து செய்த பதிவு. இரண்டு சறுக்கு வாத்தியங்களில் எது யாருடையது என்று கண்டுபிடிக்கிற விளையாட்டாகவே கேட்கலாம்.

மொத்தமாக வேண்டுமென்றால், ஹாரி ஸ்மித் 1952இல் தொகுத்த 84 பதிவுகள் உள்ள அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பு இருக்கிறது. ஒரே மூச்சில் கேட்கக் கூடாது. ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் தளத்தில் ஆல்பங்களின் குறிப்பேடுகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்; பாட்டைவிடச் சில சமயம் அவை சுவையானவை.

இண்டின்னா எதைச் சொல்றீங்க? தமிழ்ல இருக்குதா?

பெரிய கம்பெனியோ சினிமாவோ முதலாளியாக இல்லாமல் வருவது. அமெரிக்கப் பாடகர் சாம் பீம் 'அயர்ன் அண்ட் வைன்' என்ற பெயரில் தந்த 2002 முதல் ஆல்பம் வீட்டிலேயே நான்கு தடப் பதிவுக்கருவியில் எடுத்தது. நாடாவின் இரைச்சலோடுதான் வந்தது. அந்த இரைச்சலைக் குறையாக நினைத்து 'ஈக்குவலைசர்' போட்டு நீக்கினால் பாதி உயிர் போய்விடும்.

தமிழில் 2018இல் சென்னையில் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு கானாவையும் ராக்கையும் சேர்த்தது. 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' ஒப்பாரியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நமக்குப் பக்கத்திலேயே, கோவையைத் தாண்டினால் வரும் அட்டப்பாடியில், இருளர் பாடகி நஞ்சியம்மா இருக்கிறார். மலையாளப் படத்தில் பாடியதற்காக 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருது பெற்றவர். படப் பாட்டோடு நிறுத்திவிடாமல் அவர் மேடையில் பாடுவதையும் தேடிக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினா சத்தம் கெட்டுப் போகுதே?

ஸ்பீக்கரில் ஓடும் பாட்டைக் குரல் செய்தியாகப் பதிந்து அனுப்புவதுதான் மிக மோசம். அது பேச்சுக்காக நெருக்கிச் சுருக்கும் முறை. பேன்ஜோவும் ஜால்ராவும் தகரம் தட்டிய மாதிரி ஆகிவிடும். வீடியோவாக அனுப்பினாலும் சுருங்கும். உங்கள் சொந்தப் பதிவென்றால் 'ஆவணம்' என்ற வழியில் சேர்த்து அனுப்புங்கள். 2 ஜிபி வரை கோப்பு அப்படியே போகும். விற்பனைக்கு வந்த பாட்டென்றால் கோப்பே வேண்டாம், இணைப்பை அனுப்புங்கள். கேட்ட கணக்காவது பாடியவருக்குப் போய்ச் சேரும்.

ஆண்டு 2005ன்னு காட்டுது, ஆனா குரல் பழசா இருக்குதே?

ஸ்ட்ரீமிங் செயலிகள் காட்டுவது மறுவெளியீடு ஆன ஆண்டு. 1927இல் பதிந்தது 2005 தொகுப்பில் வந்தால் 2005 என்றே நிற்கும். டிஸ்காக்ஸ் தளத்தில் முதல் வெளியீட்டைப் பாருங்கள். 78 சுழற்சித் தட்டுக் காலத்தவை என்றால், சாந்தா பார்பராவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்கப் பழம்பதிவுகளின் அட்டவணையில் பதிவு நாள், இடம், தட்டின் எண் வரை கிடைக்கும். யூடியூபில் வேகம் கூட்டிய, குறைத்த பிரதிகளும் நிறைய. ஒரே பதிவு இரண்டு இடத்தில் அரைச் சுருதி வித்தியாசமாகக் கேட்டால் ஒன்று கோளாறு என்று கொள்க.

பேண்ட்கேம்ப்பில் ஆல்பம் வாங்கப் போனா கார்டு ஏற்க மாட்டேங்குது.

ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 மார்ச்சுக்குப் பிறகு வரும் கார்டுகளில் வெளிநாட்டு இணையச் செலவு தொடக்கத்திலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் கார்டு அமைப்புக்குள் போய் சர்வதேசப் பரிவர்த்தனையை இயக்கி, ஒரு சிறு வரம்பு வைத்து, வாங்கி முடித்ததும் அணைத்துவிடுங்கள். அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. வாங்கிய ஆல்பத்தை, தரம் குறையாத ஃபிளாக் வடிவில் இறக்கி வையுங்கள். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும். 'பேண்ட்கேம்ப் ஃபிரைடே' நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கும். நாலு ஆல்பம் வாங்க நினைத்திருந்தால் அந்த நாள் வரை பொறுங்கள்.

எங்க ஊர்ல வள்ளி கும்மி அரங்கேற்றம். போன்லயே நல்லாப் பதிய முடியுமா?

முடியும். கெடுப்பவை நான்கு: தானாக ஏறி இறங்கும் ஒலியளவு, ஸ்பீக்கர் பெட்டி, காற்று, அவசரம்.

போனில் கூடவே வரும் பதிவுச் செயலியை விடுங்கள். முதல் தவில் அடியில் அது ஒலியைத் தானாக அமுக்கும், அடி ஓய்ந்ததும் மெல்ல ஏற்றும். பாட்டு மூச்சு வாங்குவதுபோல் ஆகிவிடும். ஒலியளவைக் கையால் வைக்கக்கூடிய, சுருக்காத 'வேவ்' கோப்பாகச் சேமிக்கும் செயலி வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. ஒரு மணி நேரம் 1 ஜிபியைத் தாண்டும். காலி இடம் 5 ஜிபி வைத்துக்கொண்டு, விமானப் பயன்முறையில் போடுங்கள். மிகச் சத்தமான இடம் கழித்தல் 12 டெசிபலைத் தொடுகிற மாதிரி அளவு வைத்தால் திடீர் அடிக்கு இடம் இருக்கும். உச்சம் தாண்டி உடைந்த ஒலியைப் பிறகு எந்தச் செயலியாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. குறைவாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம்.

வள்ளி கும்மியில் ஆசிரியர் மைக்கில் பாடுவார், ஆட்டக்காரர்கள் களம் முழுக்க இருப்பார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் பாட்டு மட்டும்தான் விழும், கைத்தட்டும் கால்மிதியும் போய்விடும். பெட்டியிலிருந்து 10, 15 மீட்டர் தள்ளி, ஆட்டவட்டத்தின் விளிம்பில் தலை உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டில் வையுங்கள். கையில் பிடித்தால் உரசல் சத்தம் வரும். இரண்டு கருவி இருந்தால், ரேடியோ செட்டுக்காரரிடம் கேட்டு மிக்சரின் 'ரெக்கார்ட் அவுட்'டிலிருந்து ஒரு பதிவு எடுங்கள். அதை உங்கள் ரெக்கார்டரின் 'லைன்' துளையில் செருக வேண்டும். மைக் துளையில் செருகினால் முழுக்கக் கரகரவென்று உடையும். இரண்டையும் பின்னால் பொருத்த, தொடக்கத்தில் ஒருமுறை பலமாகக் கைதட்டி வைத்தால் போதும்.

வைகாசி முடிந்ததிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெறும் பஞ்சு உறை பத்தாது, ரோம உறை வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அதற்கு மேல் வெட்டினால் காற்றோடு உருமியின் உறுமலும் போய்விடும்.

உடுக்கைப் பாட்டு வேறு மாதிரி. ஒருவரே இடுப்புக் கயிற்றை அமுக்கிச் சுருதி மாற்றி வாசித்துக்கொண்டே பாடுவார். ஒரு மீட்டர் தள்ளி, நெஞ்சுக்கு நேராக, உடுக்கை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் குரலும் வாத்தியமும் சமமாக விழும். பறையென்றால் தீயில் காய்ச்சியதும் சுருதி ஏறியிருக்கும், ஆட ஆட இறங்கும். ஒரே அடவை இரண்டு நேரத்தில் பதிந்தால் இரண்டு சுருதியில் இருப்பது இதனால்தான். சிம்புக் குச்சியின் மெல்லிய ஓசை வேண்டுமென்றால் இடது கைப் பக்கமாக நில்லுங்கள்.

பதிவு முடிந்ததும் அங்கேயே நின்று ஊர், தேதி, கோயில், குழுவின் பெயர், பாடியவர் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிப் பதிந்துவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் இது கூடவே இருக்கும். காங்கயம் பக்கம் 1965இல் பிரெண்டா பெக் அண்ணமார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். 1992இல் அது தமிழும் ஆங்கிலமுமாக அச்சில் வந்தது. யார் பாடியது, எங்கே என்ற குறிப்பு இருந்ததால்தான் அதை இன்றும் பயன்படுத்த முடிகிறது.

யார்கிட்ட அனுமதி கேக்கோணும்? நாட்டார் பாட்டு எல்லாருக்கும் பொதுதானே?

பாட்டு பொது, பாடியவரின் அந்த நிகழ்ச்சி பொதுவல்ல. இந்தியச் சட்டத்தில் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சி மீது 50 ஆண்டு உரிமை உண்டு. குழு ஆசிரியரிடம் முன்கூட்டியே, "பதியறேங்க, இன்ன இடத்தில் போடறேங்க" என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். பதியச் சம்மதித்தவர் வெளியே போடவும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அருள் வந்து ஆடும் இடம், சாவு வீட்டு ஒப்பாரி இவற்றைக் கேட்டாலும் பலர் வேண்டாம் என்பார்கள். விட்டுவிடுங்கள்.

வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு இங்கே 60 ஆண்டுக் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. 1964இல் வெளிவந்த பதிவு 2025 தொடக்கத்தில் விடுபட்டது. பாட்டு எழுதியவர் ஒருவர் இருந்தால் அவருடைய உரிமை தனி. அவர் காலமாகி 60 ஆண்டு. அமெரிக்காவில் கணக்கு வேறு. 1923க்கு முன் வெளியான பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்றும், 1923இல் வந்தவை 2024இலும் பொதுவாயின.

சொந்தப் பதிவை யூடியூபில் போட்டேன், வேறே யாரோ உரிமை கேக்கறாங்க!

இரண்டு காரணம். கோயில் ஸ்பீக்கரில் பின்னால் சினிமாப் பாட்டு ஓடியிருக்கும், அல்லது அதே மெட்டை யாரோ கேசட்டாகப் போட்டு, யூடியூபில் உரிமையைத் தானாகச் சோதிக்கும் இயந்திரத்தில் பதிந்து வைத்திருப்பார்கள். முதலாவதென்றால் அந்தப் பகுதியை வெட்டுங்கள். இரண்டாவதென்றால் மரபுப்பாட்டு, சொந்தப் பதிவு என்று எழுதி மறுப்புத் தெரிவியுங்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள்.

பத்துப் பேர் கூடிக் கேக்கலாம்னு இருக்கறோம். எப்படி நடத்தறது?

எட்டிலிருந்து பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு ஒரு பாட்டு. இரண்டு நிமிட அறிமுகம், பாட்டு, மூன்று நிமிடப் பேச்சு. பாட்டு ஓடும்போது பேச்சு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம்ம ஊரில் இதுதான் சிரமம். ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைக்காதீர்கள், பேஸ் ஊதிப்போய்க் கேட்கும். எல்லாவற்றையும் ஒரே ஒலியளவுக்கு முன்பே சரிபார்த்து வையுங்கள். 1927 பதிவுக்குப் பின் 2020 பதிவு வந்தால் காது அதிரும். இரண்டு வேகமான பாட்டுக்கு ஒரு மெதுவானது. மாடியில் நடத்தினால் இரவு 10 மணிக்கு நிறுத்துங்கள். ஒலிபெருக்கி விதியும் அதுதான், பக்கத்து வீட்டுக்காரர் விதியும் அதுதான்.

கேட்டுக் கேட்டு வாசிக்க ஆசை வந்திருச்சு. பேன்ஜோ எங்க வாங்கலாம்?

கடையில் பேன்ஜோ கேட்டால், டைப்ரைட்டர் மாதிரிக் கட்டை அழுத்தும் புல்புல் தாராவை எடுத்து வைப்பார்கள். இந்தியாவில் அதற்கும் அந்தப் பெயர் நடக்கிறது. நான்கு கம்பிப் பேன்ஜோவும் வேறு. ஐரிஷ் மெட்டுக்கு ஆகும், ஸ்க்ரக்ஸ் பாணிக்கு ஆகாது. வட்ட முகம், நீண்ட கழுத்து, பக்கவாட்டில் ஐந்தாவது முறுக்காணி இவை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் வாங்கினால் குதிரை (கம்பிகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு) சாய்ந்தோ விழுந்தோ வரும். பயப்பட வேண்டாம், அது ஒட்டப்பட்டதல்ல. கம்பிகளின் அழுத்தத்தில் நிற்பது. 12ஆம் கட்டைக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள், பிறகு அதே கட்டையில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் குதிரை சரியான இடத்தில் இருக்கிறது. அழுத்தியது ஏறிக் கேட்டால் குதிரையைக் கழுத்திலிருந்து தள்ளி நகர்த்துங்கள். இறங்கிக் கேட்டால் கழுத்துப் பக்கம். கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மொத்தமாகக் கழற்றினால் குதிரையும் விழும், வைத்த இடமும் மறந்துபோகும்.

அவ்வளவு செலவு இப்போது வேண்டாம் என்றால் மாண்டலின் எளிதில் கிடைக்கும். எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. மேற்கத்திய வயலினின் சுருதிதான். கர்நாடக வயலின் தெரிந்தவர்கள் கவனிக்க: நாம் ச–ப–ச–ப என்று கூட்டுவதால் விரல் இடம் அப்படியே ஒத்துவராது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வாசித்தது ஐந்து கம்பி மின் மாண்டலின்; அந்த ஒலியை நினைத்துக்கொண்டு எட்டுக் கம்பி வாங்கினால் நாதம் சீக்கிரம் அடங்குவது ஏமாற்றமாக இருக்கும். நீண்ட சுரத்துக்கு விடாமல் மேலும் கீழும் மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் மாதம் மணிக்கட்டு வலிக்கும். வலித்தால் பத்து நிமிடத்தில் வைத்துவிடுங்கள்.